வாத்துப் படம் போட்ட டப்பாக்கள்

1

எங்கள் நகரத் தமிழ் மன்றத்தின் வாட்ஸாப் குழுவில் இந்த வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் பாட்டில், குழந்தைகளின் தட்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டுமாம். தாயகத்து மீனவக் குழந்தைகளின் முகத்தில் புன்னகை பூக்குமாம். கீழே கும்பிடும் கைகள், பச்சை இதயங்கள். 'சென்ற ஆண்டின் மாபெரும் வெற்றியைத் தொடர்ந்து' என்று ஒரு வரி வேறு.

அந்த மாபெரும் வெற்றியை நான் நேரில் பார்த்தவள். கோட்டைக்குப்பத்தில், என் அண்ணன் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். மன்றத்தின் ஆண்டு மலர் உங்கள் கைக்கும் வரலாம், வழவழப்பான தாளில், சிரித்த முகங்களோடு. அதைப் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்தில் பிறந்தவள். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, காற்றைப் பார்த்துக் கடலுக்கும் ஏரிக்கும் மாறி மாறிப் போனவர். பழவேற்காட்டில் பள்ளிக்கூடம், பொன்னேரியில் கல்லூரி, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை, பிறகு கல்யாணம், ஜெர்மனி. இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஊரில் என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். உரிக்கும்போது கையுறை போடாவிட்டால் திட்டு வாங்குகிறேன்.

2

இந்த நாட்டில் எதைச் சாப்பிடுவது என்பதைவிட எதில் சாப்பிடுவது என்பதற்குத்தான் அதிகாரிகள் அதிகம். போன வருடம் நகராட்சியிலிருந்து உணவு ஆய்வாளர் ஒரு பெண் எங்கள் சமையலறைக்கு வந்தார். சூப்பை ருசி பார்க்கவில்லை, மணம்கூடப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் எந்த ரகப் பிளாஸ்டிக் என்று சொல்லும் முக்கோணக் குறியைப் படித்தார். நகத்தால் கீறல்களைத் தடவினார். கண்ணாடி போலத் தெளிவாக, கெட்டியாக இருக்கும் பழைய ரக டப்பாக்கள் அவை. மூடியில் சிரிக்கும் மஞ்சள் வாத்துப் படம். பல வருடமாகப் பிள்ளைகள் அதில்தான் கஞ்சியும் பாஸ்தாவும் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

ஆய்வாளர் சொன்னதை எங்கள் தலைமைச் சமையல்காரி எனக்குப் பொறுமையாக விளக்கினாள். இந்த மாதிரி பிளாஸ்டிக்கில் சூடானதை ஊற்றினால் அதிலுள்ள ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டில் இறங்கும். எண்ணெயும் புளிப்பும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். கீறல் விழுந்த பழைய டப்பா என்றால் கேட்கவே வேண்டாம். உடம்பின் சுரப்பிகளோடு விளையாடும் சரக்கு அது. சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகவே ஆகாது.

சூடு, எண்ணெய், புளிப்பு. எங்கள் ஊர்க் குழம்பில் வேறு என்ன இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன்.

அவர்கள் மொழியில் டப்பாவுக்கு 'டோஸ'. நம் தோசைக்குப் பக்கத்து வீடு. கால்சட்டைக்கு 'ஹோஸ'. அன்றைய பரபரப்பில் நான், "பிள்ளைகளுடைய கால்சட்டையெல்லாம் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டு வைத்தேன். ஆய்வாளர்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. மதிய உணவு நேரத்தில் யாராவது ஒருத்தி என்னிடம் வந்து, "கால்சட்டை கழுவியாகிவிட்டதா?" என்று கேட்கிறாள். இவர்களில் ஒருத்திக்குக்கூட என் பெயரைச் சரியாகச் சொல்ல வராது. அதற்கு நான் சிரிக்க ஆரம்பித்தால் இரண்டு ஷிப்ட் நேரம் பிடிக்கும்.

தூக்கிப் போடுவதும் இங்கே லேசில்லை. குப்பைக் கிடங்கில், காப்பகத்தின் குப்பை வீட்டுக் குப்பை ஆகாது, வேறு வாசலுக்குப் போ என்றார்கள். அந்த வாசலில், இவ்வளவு மொத்தமாக எடுக்க மாட்டோம், முன்பதிவு செய் என்றார்கள். டப்பாக்கள் மூட்டை மூட்டையாகப் பின்கட்டில் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கலாவதி மேடம் தன் மகனை அழைத்துப்போகக் காப்பகத்துக்கு வந்தார்.

3

கலாவதி மேடம் எங்கள் மன்றத்தின் தலைவி. சென்னையில் பெரிய வீட்டுப் பெண், இங்கே பெரிய கம்பெனிக்காரரின் மனைவி. பொங்கலுக்குக் கரும்பு வரவழைப்பார், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொள்வார். என்னோடு அவர் பேச ஆரம்பித்ததே என் ஊர் எது என்று தெரிந்த பிறகுதான். "பழவேற்காடா? ஃபிளமிங்கோ வருமே! அங்க கிராப் சூப்பரா இருக்குமாமே!" என்றார். அந்தப் பறவைக்கும் நண்டுக்கும் நடுவில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது பிறகு ஒருநாள் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் எங்களுக்குக் கெட்ட காலம்.

மூட்டைகளைப் பார்த்தவர் கண்கள் விரிந்தன.

"இவ்ளோ நல்ல டப்பாவையா வீசறாங்க? உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு அனுப்பலாமே."

ஏன் வீசுகிறார்கள் என்று சொன்னேன். ஆய்வாளர் சொன்னது, தலைமைச் சமையல்காரி சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அவருக்கு இது புதிய செய்தியே இல்லை. அவர் வீட்டில் பிளாஸ்டிக் எப்போதோ ஒழிந்துவிட்டது, எல்லாம் கண்ணாடி, எல்லாம் எவர்சில்வர். அதைப் பற்றி மன்றத்துப் பெண்களுக்கு ஒரு சொற்பொழிவே நடத்தியிருக்கிறார். 'நஞ்சில்லா அடுப்படி' என்று தலைப்பு.

பள்ளி விட்டு வந்திருந்த என் மகள் யாழினி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. என்னோடு தமிழில் பேசுவதை அவள் நிறுத்தி நாளாகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் சொல்வாள், ஏதோ இரண்டு நாட்டுத் தூதர்கள் போல. என் மீன் குழம்பு வாசம் தன் பைக்குள் வரக்கூடாது என்று கண்ணாடி டப்பாவில் ரொட்டி வைத்துக்கொண்டு போகிறவள். கோட்டைக்குப்பத்துக்கு வா என்றால் அங்கே இணையம் எப்படி என்று கேட்பாள். அவள் அன்று மேடத்தைப் பார்த்து ஜெர்மனில் கேட்டாள்: "இங்கே பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் அங்கே மட்டும் எப்படி ஆகும்?"

மேடம் அவள் கன்னத்தைத் தட்டினார். "ரொம்ப ஷார்ப்பா இருக்காளே!"

பதில் அவ்வளவுதான். மறுநாள் எனக்குப் போன் வந்தது. நான் சொன்னதை யோசித்துப் பார்த்தாராம், டப்பா வேண்டாமாம், நோட்டுப் புத்தகம் கொடுக்கலாமாம். நானும் நம்பினேன். ஒரு வாரம் கழித்துப் பின்கட்டில் மூட்டைகளைக் காணவில்லை. குப்பைக் கிடங்கில் முன்பதிவு கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

4

அண்ணன் மகள் செல்விக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. நான் மட்டும் கிளம்பினேன். யாழினிக்குப் பரீட்சையாம்.

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டப்பா. அதில் ஆவி பறக்கப் புளிச்சாதம், ஓரத்தில் எண்ணெய் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த மூடியில் மஞ்சள் வாத்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"இன்னா அமுலு, வந்ததும் வராததுமா துன்ற சோத்தப் புடுங்கற?" என்று அண்ணி கன்னியம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அமுலு என்பது வீட்டில் எனக்குப் பெயர்.

"இது எப்படி அண்ணி இங்க வந்துச்சி?"

"உங்க சங்கத்து மேடம் போன வாரம் வந்து குடுத்துச்சி. லீவுக்கு மெட்ராஸ் வந்துகீதாம். பந்தல் போட்டு, மைக்கு வெச்சி, எல்லாருக்கும் குடுத்தாங்க. நாந்தான் மகளிர் குழுத் தலைவின்னு என் கையாலதான் குடுக்க வெச்சாங்க. உனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இது நான் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிய டப்பா என்றேன். சூடாக எதையும் இதில் போடாதே, அதிலும் செல்விக்குப் போடவே போடாதே என்றேன்.

அண்ணி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். நம்பினாளா? இல்லை.

"வெளிநாட்டு டப்பா. எத்தினி தடியா கீது பாரு, கீழ வுட்டாக்கூட ஒடையல. போன தபா வந்தப்போ டீய கவர்ல வாங்காதன்ன. அதுக்கு முன்ன தபா மொளகாத்தூள மோந்து பாத்து கலர் போட்டுக்கீதுன்ன. நீ சொல்றதெல்லாம் கேட்டா நாங்க காத்தத்தான் துன்னணும். சும்மா குடுக்கறத எங்களுக்குக் குடுத்தா உனுக்கு இன்னா வலிக்குது?"

"வலிக்குது" என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நல்லது நடந்தால் எனக்குப் பொறுக்காது என்று அவள் நினைக்கிறாள். கலாவதி மேடம் பெட்டி பெட்டியாகக் கொடுக்கிறார், நான் சொந்த நாத்தனார், அறிவுரை மட்டும் கொண்டுவருகிறேன்.

அன்றைக்கே மேடத்திடமிருந்து போன். நான் ஊரில் இருப்பது தெரிந்துவிட்டதாம். நாளை ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். டப்பா வாங்கிய பெண்கள் நாலு வார்த்தை பேசுவதை வீடியோ எடுக்க வேண்டுமாம். "அப்படியே உங்க அண்ணி கையால கிராப் சாப்பிடணும். அதுக்காகவே வரேன்!" என்றார். நோட்டுப் புத்தகம் என்னாயிற்று என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றார்.

போனை வைத்ததும் அண்ணி கேட்டாள், "இன்னாவாம்?"

சொன்னேன். அவள் வாத்து மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சரி அமுலு. நீயும் கத்தாத, நானும் கத்தல. அந்தம்மா நாளிக்கி வருது இல்ல? நல்ல நண்டா எடுத்து, சுடச்சுட இந்த டப்பாலயே ஊத்தி அது முன்னாடி வெக்கறேன். துன்னுச்சின்னா நல்ல டப்பா. நீ வாய மூடிக்கினு இருக்கணும்."

"துன்னலன்னா?"

அவள் செல்வியின் புளிச்சாதத்தை எவர்சில்வர் தட்டுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

5

மேடம் வேனில் வந்தார். கேமராவோடு ஓர் ஆள். மேடத்தின் தோளில் ஒரு துணிப்பை, அதில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் டிபன் கேரியர். வெளியே போனால் தன் பாத்திரத்தைத் தானே கொண்டுபோகிற உத்தமமான பழக்கம் அவருக்கு.

"என்ன ஒரு காத்து! என்ன ஒரு ஆத்தென்டிக் அட்மாஸ்பியர்!" என்றார். அண்ணன் ஏரிக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வீடியோவுக்காகத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

அண்ணி பாய் விரித்து உட்காரவைத்தாள். தலைவாழை இலை போட்டுச் சோறு வைத்தாள். பிறகு உள்ளே போய் வாத்து டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேடத்தின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். சிவந்த குழம்பு. எண்ணெய் மிதந்தது. அதற்குள் நண்டு கொதியாறாமல் நெளிந்துகொண்டிருந்தது போலிருந்தது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ பொங்கல் விழாக்களில் பார்த்த முகம். அதில் சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, மற்றதெல்லாம் கழன்று விழுந்தது.

"அச்சச்சோ, இதுலயா? சின்னதா ஒரு ஸ்டீல் கிண்ணம் இருக்காம்மா?"

"இன்னா மேடம், நீங்க குடுத்த டப்பாதான். ஊத்தறதுக்கு முன்னாடி நல்லா சோப்பு போட்டு வெளக்கிட்டுத்தான் ஊத்துனேன்."

"அதுக்கில்லம்மா. இன்னைக்கு எனக்கு விரதம். மறந்தே போச்சு பாருங்க."

"விரதமா? நண்டு துன்னத்தான் வரேன்னீங்க?"

மேடம் என் பக்கம் திரும்பினார். ஜெர்மனில் பேசினார். அழகான ஜெர்மன், என்னுடையதைப் போல இல்லை. "சூடானதை இதிலிருந்து நான் சாப்பிட முடியாது, உனக்குத்தான் தெரியுமே. இவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளி."

வாசலில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மொழியைத் தமிழாக்க எந்தச் சொல்லும் தடுக்கவில்லை.

"அண்ணி, மேடம் இன்னா சொல்லுதுன்னா, இந்த டப்பால சூடா ஊத்துனா டப்பால கீற மருந்து கொழம்புல எறங்கிடுமாம். அதனால அது துன்னாதாம். உங்ககிட்ட எதனா பொய் சொல்லிச் சமாளின்னு என்கிட்ட சொல்லுது."

கேமராக்காரர் கேமராவை மெல்லத் தாழ்த்தினார். அண்ணி மேடத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த செல்வியைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு ஏழு மாசம் மேடம். நீங்க குடுத்த அன்னியிலேர்ந்து இதுலதான் துன்னுது."

மேடம் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"பயப்படாதீங்கம்மா. ஆறவெச்சுப் போட்டுக்கலாம். அதோட நீங்கள்லாம் ஸ்ட்ராங். உங்களுக்கு இம்யூனிட்டி ஜாஸ்தி. எங்களுக்குத்தான் அங்கயே இருந்து இருந்து உடம்பு ஒண்ணும் தாங்கறதில்ல."

நான் எத்தனையோ அவமானங்களைப் பார்த்திருக்கிறேன். விசா அலுவலகத்தில், வேலை கேட்டுப் போன இடத்தில், கால்சட்டை விவகாரத்தில். அங்கே எல்லாம் என்னை மனுஷியாக மதிக்காதவர்கள்கூட என் உடம்பும் தங்கள் உடம்பும் ஒரே சரக்கால் ஆனது என்றுதான் நினைத்தார்கள். எங்களுக்கு வேறு வகை ஈரலும் குடலும் இருப்பதாக நினைக்க ஒரு தமிழ் மன்றத் தலைவி தேவைப்பட்டிருக்கிறது.

அண்ணி குனிந்து டப்பாவை எடுத்தாள். வாசலோரம் போய்க் குழம்பை மணலில் கவிழ்த்தாள். அவ்வளவு நல்ல நண்டு. தண்ணீர் விட்டு அலசி, முந்தானையால் துடைத்து, மூடியைப் போட்டு அழுத்தி மூடி, மேடத்தின் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க மேடம். உங்க வூட்டுப் பசங்களுக்கு."

பிறகு வாசலில் இறங்கி நின்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். எங்கள் குப்பத்துப் பெண்களின் குரல் படகுக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்காதா? கொஞ்ச நேரத்தில் டப்பாக்கள் வர ஆரம்பித்தன. சிலர் வாயில் வந்ததைச் சொல்லி வேனுக்குள் எறிந்தார்கள். சிலர் கழுவி அடுக்கிக் கொடுத்தார்கள். எல்லாரும் கொடுத்தார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதிப் பேர் கொடுக்கவில்லை. ஆணி போட்டு வைக்கலாம், நூல்கண்டு வைக்கலாம், எதற்கு வீணாக்குவது என்றார்கள். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மேடம் வேனில் ஏறும்போது என் காதருகே, "இப்படி நன்றியே இல்லாத ஜனங்களா இருப்பாங்கன்னு நான் நினைக்கல," என்றார். நான் வேன் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

செல்வி பயந்துபோயிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் பொன்னேரியில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒரு வாரம் சாப்பிட்டதற்கு இப்படிக் கலங்க வேண்டாம், இனிமேல் சூடானதைப் பிளாஸ்டிக்கில் போடாமல் இருங்கள் என்றார் டாக்டர். பெண் குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று இருக்கிறாள். ஆனாலும் இந்தச் சமாசாரத்தில் எனக்கு ஆகாதது ஒன்று உண்டு. தொண்டையில் முள் குத்தினால் அந்த நிமிஷமே தெரியும், யார் கொடுத்த மீன் என்றும் தெரியும். டப்பாவிலிருந்து இறங்குவது தெரியாது. பத்து வருடமோ இருபது வருடமோ கழித்து எவள் உடம்பிலாவது ஏதாவது கெட்டால் எந்தக் குழம்பைக் குற்றம் சொல்வாள், எந்த மேடத்தின் பெயரைச் சொல்வாள்? நிரூபிக்க முடியாத கெடுதல் பெரிய மனிதர்களுக்கு எவ்வளவு வசதி!

ஜெர்மனிக்குத் திரும்பியபோது மன்றத்தின் குழுவில் படங்கள் வந்திருந்தன. பந்தல், மைக், டப்பாவை வாங்கிக்கொண்டு சிரிக்கும் பெண்கள். எல்லாம் முதல் நாளுடையவை. டப்பாக்கள் நிரம்பிய வேனின் படம் அதில் இல்லை. மேடத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் குழுவில் நடந்ததை எழுதினேன். எழுதியதை நிர்வாகி நீக்கிவிட்டார். 'ஆக்கபூர்வமான கருத்துகளை மட்டும் பதிவிடவும்' என்றார்.

6

இதோடு நிறுத்தினால் எனக்கும் என் குப்பத்துக்கும் நல்ல பெயர். அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம். வேன் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அண்ணிக்குப் பழவேற்காட்டில், படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. நாலு பெஞ்சு, ஒரு கூரை. விடுமுறை நாளில் சென்னையிலிருந்து கார் காராக வருவார்கள். வறுத்த மீன், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு. அன்று மாலை நானும் கூடப் போயிருந்தேன். அண்ணி உற்சாகமாக இருந்தாள். வருகிற போகிற தெரிந்தவர்களிடமெல்லாம் மேடத்தின் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மேடத்தின் விரதம் இன்னும் கடுமையாகிக்கொண்டே போனது. "நம்ம பசங்க உசுரு இன்னா அவ்ளோ மட்டமா?" என்று முடிப்பாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. சென்னைக்குத் திரும்பும் குடும்பம். பின் சீட்டில் சின்னக் குழந்தை ஒன்று கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அப்பா இறங்கி வந்தார்.

"நண்டுக் குழம்பு பார்சல் கிடைக்குமாக்கா? சூடா வேணும். வீட்டுக்குப் போய் சாப்பிடறதுக்கு."

"சூடாத்தாம்பா கீது," என்று அண்ணி மூலையில் தொங்கிக்கொண்டிருந்த கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கிழித்தாள். மெல்லிசான, வெளிச்சம் ஊடுருவும் கவர். எச்சில் தொட்டு வாயைப் பிரித்து, ஊதி விரித்து, கொதிக்கும் குழம்பைக் கரண்டி கரண்டியாக உள்ளே ஊற்றினாள். சூட்டில் கவர் குழைந்து தொங்கியது.

"அண்ணி!" என்றேன்.

"இன்னா?"

"இன்னா பண்றீங்க? காலையிலதான..."

அண்ணி காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை, பிறகு விளங்கியது, விளங்கியதும் சிரித்தாள்.

"அட, இது மெட்ராஸ்காரங்க துன்றது அமுலு. நாமளா துன்னப் போறோம்?"

ரப்பர் பேண்டை எடுத்துக் கவரின் வாயைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். தூக்கிப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.